பருவுக்கு எந்தக் கிறீம்? வன்னி வெயிலில் வைத்து ஓர் ஒப்பீடு

பெறாமகளின் நீலத் துவாயில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். முதலில் சவர்க்காரத்தைத்தான் குறை சொன்னோம். அது அவள் முகத்தில் பூசிய பென்சோயில் பெரொக்சைட்டின் வேலை என்று பிறகுதான் பிடிபட்டது. துணியை வெளுக்க வைக்கும் மருந்து அது, தலையணை உறையையும் விடாது. வெள்ளைத் துவாய் ஒன்றை அதற்கென்று ஒதுக்கினால் சரி.

ஆனாலும் கன்னமெல்லாம் சிவந்து சீழ் வைக்கிற நடுத்தரப் பருவுக்கு என் முதல் தெரிவு அதுதான். பருவுக்குள் பெருகும் கிருமியைக் கொல்லும், கிருமியும் அதற்குப் பழகிப்போகாது. 2.5, 5, 10 வீதங்களில் வருகிறது. கூடிய வீதம்தான் நல்லது என்று 10ஐ வாங்காதீர்கள். 2.5 வீதமே ஏறக்குறைய அதே பலனைத் தரும், எரிவும் குறைவு.

கிளின்டாமைசின் என்ற அன்டிபயோட்டிக் ஜெல் பூச இதமானது, அதனால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் தனியே மாதக்கணக்கில் பூசினால் கிருமி அதற்குப் பழகிவிடும். பென்சோயில் பெரொக்சைட்டோடு சேர்த்தென்றால் பூசலாம்.

அடபலீன் 0.1 வீதம் வேறு வழியில் வேலை செய்கிறது. தோல் துவாரம் அடைபடாமல் பார்த்துக்கொள்வதால், புதுப் பரு கிளம்புவதே குறையும். பொறுமைதான் வேண்டும். முதல் சில கிழமைகள் தோல் உரியும், பரு கூடினதுபோலவும் இருக்கும். மூன்றாம் கிழமை, "பெரியம்மா, இது எனக்குச் சரிவராது" என்று பிள்ளை டியூப்பைத் தூக்கி வைத்துவிட்டாள். பலன் தெரிய 12 கிழமை வரை செல்லும் என்று சொல்லித்தான் திரும்பத் தொடங்க வைத்தேன். இரவில், முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, முழு முகத்துக்கும் ஒரு கடலையளவு போதும். தொடக்கத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள்.

பரந்தனிலிருந்து கிளிநொச்சிக்கு ஏ9 வீதியால் மத்தியானத்தில் சைக்கிள் ஓடுகிற பிள்ளைக்கு அடபலீனோடு சன்ஸ்கிறீமும் கட்டாயம் வேண்டும். தேசிக்காய்ப்புளி பூசிக்கொண்டு அந்த வெயிலில் இறங்கவே கூடாது, தோல் வெந்து கறுத்துப்போகும்.

பரு போயும் கறுப்பு அடையாளம் போகாதவர்களுக்கு அசலெயிக் அமிலம் நல்லது. மெதுவாகத்தான் கேட்கும். கர்ப்பிணிகள் அடபலீனைத் தொடக்கூடாது, அவர்களுக்கு டொக்டர்மார் பெரும்பாலும் தருவது அசலெயிக் அமிலத்தைத்தான். உள்ளே கட்டி கட்டியாக வலிக்கிற பரு என்றால் பூச்சு மருந்தோடு நிற்காமல் தோல் கிளினிக்குக்குப் போங்கள், தழும்பு விழுந்தால் மாற்றுவது கடினம்.

பிள்ளைக்கு இப்போது காலையில் 2.5 வீத பென்சோயில் பெரொக்சைட், இரவில் அடபலீன். பத்தாம் கிழமை நடக்கிறது. நெற்றி துப்புரவாகிவிட்டது, நாடியில் இரண்டு மிச்சம்.