நான்கு ஆண்டுகள், இரண்டு ஏர் ஃப்ரையர்கள்: ஆறு பேர் சாப்பிடும் வீட்டில் கண்டது

மதுரை திருநகரில் எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு உட்காருபவர்கள் ஆறு பேர்: மாமா, அத்தை, நான், என் கணவர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர். 2021ஆம் ஆண்டு தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்பு, எண்ணெயில் பொரித்தவற்றை வெகுவாகக் குறைக்க வேண்டும் என்று மாமாவிடம் இதய மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். புளிக்குழம்பு வைத்தால் பக்கத்தில் மொறுமொறுப்பாக ஒரு வறுவல் இருந்தே தீர வேண்டும் என்று பழகிய வீடு இது. ஆகவே டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் சூடான காற்றைச் சுழற்றி வறுக்கும் ஏர் ஃப்ரையர் ஒன்றை, 4.1 லிட்டர் கொள்ளளவும் 1400 வாட்ஸ் திறனும் கொண்டதாக, வாங்கினோம். அது ஒன்றரை ஆண்டு உழைத்தது. 2023 ஜூன் மாதத்தில் 6 லிட்டர், 1700 வாட்ஸ் மாடலுக்கு மாறினோம். வாரத்தில் நான்கைந்து நாட்களாவது இதை இயக்குகிறவள் என்ற முறையில், வாங்க நினைக்கும் குடும்பங்களுக்கு என் அனுபவத்தை எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது லிட்டர் கணக்கைப் பற்றி. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் லிட்டரைத்தான் போட்டிருப்பார்கள். கடைக்காரரும் நான்கு லிட்டர் நான்கு பேருக்கு, ஆறு லிட்டர் ஆறு பேருக்கு என்றுதான் சொல்வார். ஆனால் இந்தச் சாதனத்தில் உயரத்தால் நமக்குப் பெரிய பயன் இல்லை. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பரவினால்தான் சூடான காற்று எல்லாப் பக்கமும் படும். குவித்துப் போட்டால் மேலே இருப்பது கருகும், நடுவில் இருப்பது தன் ஆவியிலேயே அவிந்து குழையும். எனவே நாம் அளக்க வேண்டியது கூடையின் அடித்தட்டை. எங்கள் முதல் சாதனத்தின் அடித்தட்டு வட்டமானது, குறுக்களவு ஏழரை அங்குலம். பரப்பு சுமார் 44 சதுர அங்குலம். இரண்டாவதின் தட்டு ஒன்பது அங்குலச் சதுரம். பரப்பு 81 சதுர அங்குலம். லிட்டர் ஒன்றரை மடங்குகூடக் கூடவில்லை, இடமோ ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டது. இதை நான் முதல் முறையே அறிந்திருந்தால் ஒன்றரை ஆண்டு காலம் அடுப்படியில் நின்ற நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகியிருக்கும்.

எங்கள் வீட்டில் ஒரு வேளைக்கு முக்கால் கிலோ சேப்பங்கிழங்கு வேண்டும். வேகவைத்து, தோல் உரித்து, உள்ளங்கையில் வைத்து லேசாகத் தட்டி, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, ஒரு கைப்பிடி அரிசி மாவு, இரண்டு தேக்கரண்டி கடலை எண்ணெய் விட்டுப் பிசிறிக்கொள்வேன். 180 டிகிரியில் பதினேழு பதினெட்டு நிமிடம் ஆகும். பாதியில் ஒரு முறை கூடையை வெளியே இழுத்துக் குலுக்கிவிட வேண்டும். குலுக்கும்போது கிழங்குகள் தட்டில் உரசும் ஓசையே பக்குவத்தைச் சொல்லிவிடும்: ஈரம் இருக்கும்வரை தொப் தொப்பென்று விழும், ஓடு கட்டியபின் கூழாங்கற்களைப் போலக் கலகலக்கும். ருசியில் குறை சொல்லவே முடியாது. ஆனால் முதல் சாதனத்தில் ஒரு முறைக்குக் கால் கிலோதான் பரவும். மூன்று ஈடு எடுக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது; மூன்றாவது ஈடு வரும்போது முதல் ஈடு தொய்ந்து போயிருக்கும். இப்போது இரண்டே ஈட்டில் முடிகிறது. இரண்டாவது சாதனத்தை வாங்கப் போனபோது பழைய நாட்காட்டி அட்டையில் ஒன்பது அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டி எடுத்துப் போனேன். கடையில் ஒவ்வொரு கூடையையும் திறக்கச் சொல்லி அந்த அட்டையை உள்ளே வைத்துப் பார்த்தேன். 5 லிட்டர் என்று எழுதியிருந்த இரண்டு மாடல்களில் அட்டை இறங்கவே இல்லை.

இது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைப் புரிந்துகொள்ள, உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. கூடைக்கு மேலே ஒரு ஹீட்டிங் காயில், அதற்கு மேலே ஒரு விசிறி, அவ்வளவுதான். காயிலில் சூடான காற்றை விசிறி வேகமாகச் சுழற்றி, தட்டின் துளைகள் வழியாகத் திரும்ப மேலேற்றுகிறது. 2010இல் பிலிப்ஸ் நிறுவனம் இதை ஏர் ஃப்ரையர் என்ற பெயரில் அறிமுகம் செய்ததால் நம் மனம் உடனே வடைச்சட்டியோடு ஒப்பிடுகிறது. உண்மையில் இது சின்ன, வேகமான ஓவன். கொதிக்கும் எண்ணெய் பொருளைச் சுற்றிலும் ஒட்டிக்கொண்டு வெப்பத்தை ஒரே நொடியில் ஏற்றும். காற்றால் அவ்வளவு விரைவாக ஏற்ற முடியாது. அதனால்தான் கரைத்த மாவில் தோய்க்கும் எதுவும் இதில் சரிப்படாது. வாழைக்காய் பஜ்ஜியைப் போட்டால் மாவு இறுகுவதற்கு முன்பே துளை வழியாக வழிந்து கீழே காய்ந்துவிடும். உளுந்து வடை வெளியே வறண்ட தோலும் உள்ளே இட்லியுமாக வரும். பருப்பு வடை ஓரளவு பரவாயில்லை. அதுவும் தட்டைக்கு நெருக்கமான சுவைதான். முறுக்கு, அதிரசம் ஆகியவற்றுக்கு இன்றைக்கும் வடைச்சட்டிதான் ஏறுகிறது.

அப்பளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மதுரைக்காரர்கள் முதலில் சோதித்துப் பார்ப்பது அதைத்தான். முதல் வாரத்திலேயே ஒரு முழு அப்பளத்தைக் கூடையில் வைத்து 200 டிகிரியில் இயக்கினேன். விசிறிக் காற்றில் அது மேலே எழும்பிக் காயிலில் போய் ஒட்டிக்கொண்டது. அரை நிமிடத்தில் கருகல் வாடை. உடனே பிளக்கைப் பிடுங்கினேன். ஆறிய பிறகு சாதனத்தைக் கவிழ்த்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் காயிலைச் சுரண்ட வேண்டியதாயிற்று. அப்பளத்தின் இருபுறமும் எண்ணெய் தடவி, நான்காகக் கிழித்து, மேலே சிறிய கம்பித் தட்டை எடையாக வைத்தால் இரண்டு நிமிடத்தில் சுட்ட அப்பளம் போல வரும். கறிவேப்பிலைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். காய்களோடு பிசிறித்தான் போட வேண்டும்.

நன்றாக வருபவை பல. வெண்டைக்காய், பாகற்காய், கருணைக்கிழங்கு, சேனை எல்லாம் அருமை. உருளைக்கிழங்கை நறுக்கி அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, துணியில் ஒற்றி எடுத்த பிறகே போடுகிறேன். மாவுச்சத்துள்ள பொருளை அதிக வெப்பத்தில் கருக விட்டால் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உருவாகும் என்று 2002இல் கண்டறிந்தார்கள். எண்ணெய் இல்லை என்பதற்காக ஏர் ஃப்ரையருக்கு இதில் முழு விலக்கு கிடைத்துவிடாது. ஊறவைப்பதும், பொன்னிறத்திலேயே எடுத்துவிடுவதும் அதைக் குறைக்கும். நிலக்கடலையை 160 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வறுத்தால் மணல் போட்டு வறுத்ததற்கு ஈடாக இருக்கிறது. மீனில் துண்டு போடும் வகைகள் சிறப்பாக வரும். நெத்திலி தட்டில் ஒட்டிக்கொண்டு உடைகிறது. கருவாடு மட்டும் வேண்டாம். ஒரு முறை போட்டுவிட்டு, அடுத்த மூன்று நாட்கள் பிள்ளைகளின் பிரெட்டில்கூட அந்த வாடையைப் போக்க முடியவில்லை. கொழுப்புள்ள ஆட்டுக்கறி போட்டால், உருகிய கொழுப்பு அடியில் விழுந்து வெள்ளையாகப் புகையும். வெளிப்பாத்திரத்தில் கால் டம்ளர் தண்ணீர் ஊற்றி வைத்தால் புகை அடங்கும். நேற்றைய பரோட்டாவையும், மாலையில் வாங்கி ஆறிப்போன சமோசாவையும் மீண்டும் சூடாக்குவதில் இதற்கு இணையான சாதனம் வேறு இல்லை; மைக்ரோவேவ் அவற்றை ரப்பராக்கிவிடும்.

மருத்துவக் காரணத்துக்காக வாங்கியதால் எண்ணெய்க் கணக்கைக் கவனமாக எழுதி வந்தேன். மாதம் ஐந்து லிட்டராக இருந்தது மூன்றரை லிட்டராகக் குறைந்தது. இதைவிட முக்கியமாக நான் கருதுவது, பொரித்து மிஞ்சிய எண்ணெயை எடுத்து வைத்து மறுநாள் தாளிக்கப் பயன்படுத்தும் பழக்கம் எங்கள் வீட்டில் பெரும்பாலும் நின்றுவிட்டது. திரும்பத் திரும்பச் சூடாக்கிய எண்ணெயில் சேரும் கெடுபொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018 ஜூலை முதல் உணவகங்களுக்கு அரசு விதி இருக்கிறது. வீட்டில் அதை யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஆகவே மிஞ்சாமல் இருப்பதே நல்லது.

மின்சாரம் பற்றி இரண்டு செய்திகள். முதலாவது பிளக் பாயின்ட். 1400 வாட்ஸ் சாதனம் 230 வோல்ட்டில் ஆறு ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். 1700 வாட்ஸ் என்றால் ஏறக்குறைய ஏழரை ஆம்பியர். எங்கள் அடுப்படியில் மிக்ஸிக்குப் போட்டிருந்த, ஆறு ஆம்பியருக்கான சின்ன பாயின்ட்டில் கன்வெர்ட்டர் பிளக்கை மாட்டி முதல் மாதம் ஓட்டினோம். ஒரு நாள் பிளக்கைத் தொட்டபோது கை சுட்டது. கழற்றிப் பார்த்தால் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகத் தொடங்கியிருந்தது. உடனே எலக்ட்ரீஷியனை அழைத்து, தனி வயர் இழுத்து, 16 ஆம்பியர் பாயின்ட் வைத்தோம். சாதனம் வாங்கும் பணத்தோடு இந்தச் செலவையும் சேர்த்தே கணக்கிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மட்டும் தயவுசெய்து மாட்டாதீர்கள். இரண்டாவது வோல்டேஜ். சோழவந்தான் பக்கத்தில் உள்ள என் அம்மா வீட்டுக்கு முதல் சாதனத்தை ஒரு விடுமுறைக்குக் கொண்டுபோனேன். மாலையில் அங்கே வோல்டேஜ் 200க்கு இறங்கியிருந்தது. வோல்டேஜ் அந்த அளவுக்குக் குறைந்தால் காயிலின் வெப்பம் முக்கால் பங்காகிவிடும். பதினெட்டு நிமிடக் கிழங்கு இருபத்தைந்து நிமிடத்தைத் தாண்டியது. சமையல் குறிப்பில் உள்ள நிமிடங்களை நம்பாமல் கண்ணால் பார்த்து எடுக்க வேண்டும் என்பதை அங்கேதான் கற்றேன். பில்லைப் பொறுத்தவரை பயப்பட ஒன்றுமில்லை: 1700 வாட்ஸ் சாதனம் இருபது நிமிடம் ஓடினால் அரை யூனிட்டுக்குச் சற்று மேல்தான் வரும்.

யார் இயக்கப்போகிறார்கள் என்பதையும் யோசித்து வாங்க வேண்டும். பகலில் வீட்டில் இருப்பவர் அத்தை. சாதனம் வந்த அன்று, “ஏத்தா, அடுப்பும் இல்ல, சட்டியும் இல்ல, காத்துல எப்படி வேகும்?” என்று கேட்டவர் அவர். கடையில் எங்களுக்கு முதலில் காட்டியது கண்ணாடி போன்ற டிஜிட்டல் திரை கொண்ட மாடல். எழுத்து பொடியாக, முழுதும் ஆங்கிலத்தில் இருந்தது. ஈரக் கை பட்டால் திரை ஏற்கவும் இல்லை. திருகு வைத்த மாடலையே இரண்டு முறையும் எடுத்தோம். வெப்பத் திருகில் 180க்கு நேராகவும் நிமிடத் திருகில் 15க்கு நேராகவும் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்தேன். இரண்டு பொட்டுக்கும் திருகைத் திருப்பி வைத்துவிட்டு அத்தை முற்றத்துக் கதவருகே உட்கார்ந்துகொள்வார். மணி அடித்ததும் எழுந்து வருவார். இப்போது வெண்டைக்காய் வறுவல் முழுக்க அவர் பொறுப்பு.

இனி என் மனக்குறை. முதல் சாதனத்தின் கூடை பதினான்காவது மாதத்தில் நான்ஸ்டிக் பூச்சு உரியத் தொடங்கியது. நான் கம்பி நாரைத் தொட்டதே இல்லை. வெந்நீரில் ஊறவைத்து மெல்லிய ஸ்பாஞ்சால்தான் தேய்த்தேன். 200 டிகிரிக்கு மேல் போகாத சாதனத்தில் வெப்பத்தால் அந்தப் பூச்சு சிதையவும் காரணமில்லை. அதற்கு 260 டிகிரியாவது வேண்டும். சர்வீஸ் சென்டரில் இரண்டு ஆண்டு உத்தரவாதம் மோட்டாருக்கும் காயிலுக்கும்தான், கூடைக்கு இல்லை என்றார்கள். சரி, விலைக்குக் கொடுங்கள் என்று கேட்டால் அந்த மாடலின் கூடை வருவது நின்றுவிட்டதாம். நான்கு மாதங்கள் அலைந்து பார்த்தோம். ஓடிக்கொண்டிருந்த சாதனம், கூடை இல்லாத ஒரே காரணத்தால் பரணுக்குப் போனது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. பூச்சு சீக்கிரம் கெட இன்னொரு காரணமாக இருந்திருக்கலாம் என்று நான் ஐயப்படுவது, முதலில் வாங்கிய டப்பா ஸ்ப்ரே எண்ணெய். அதில் எண்ணெயோடு சேர்க்கும் பொருட்கள் சூட்டில் பிசின் போலப் படிந்து, தேய்க்கத் தேய்க்கப் போவதில்லை. அதன்பிறகு செக்கு எண்ணெயைக் கையால் பிசிறுவதோடு சரி.

ஆகவே இரண்டாவது முறை கடைக்காரரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, இந்த மாடலின் கூடை தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்பதுதான். கிடைக்கும் என்று வாயால் சொன்னது போதாது என்று, அன்றைக்கே ஒரு கூடைக்கு முன்பணம் கட்டினேன். பத்து நாளில் வந்தது. அட்டைப் பெட்டியைப் பிரிக்காமல் பரணில் வைத்திருக்கிறேன். இப்போது ஓடும் கூடையின் ஒரு மூலையில் கடுகளவு பூச்சு போயிருக்கிறது. இன்னும் ஓர் ஆண்டு தாங்கும் என்று நினைக்கிறேன்.