கனக புஷ்பராகம்னு சொல்லி சிட்ரின தலைல கட்டிட்டாங்க, சிக்பேட் பக்கம் கல்லு வாங்கறவங்க உஷார்

பெங்களூர்ல ராசிக்கல் வாங்கப் போற நம்ம ஆளுங்க இத ஒரு தடவ படிச்சிட்டுப் போங்க. எனக்கு 38,000 ரூபா போச்சு. இதுல கொடுமை என்னன்னா அது என்ன கல்லுன்னு அவங்க குடுத்த கார்டுலயே இருந்துச்சு, நான்தான் படிக்கல.

தம்பிக்கு 2 வருஷமா வரன் எதுவும் அமையல. குரு பலம் இல்ல, 5 கேரட்டுக்குக் குறையாம கனக புஷ்பராகம் தங்கத்துல கட்டி ஆள்காட்டி விரல்ல போடணும்னு ஊர்ல ஜோசியர் சொல்லிட்டாராம், அம்மா ஃபோன்ல தினமும் அதே பேச்சு. எனக்கு இதுல பெரிய நம்பிக்கை கிடையாது, ஆனா அம்மா கேட்டா என்ன பண்றது. நாங்க இருக்கறது அல்சூர்ல, இங்கயே கடை இருக்கு, சிக்பேட்ல கம்மியா கிடைக்கும்னு ஒரு சனிக்கிழமை தம்பிய இழுத்துட்டுப் போனேன்.

கடைக்காரர் நல்லா தமிழ் பேசினார். "வாங்கக்கா, எந்த ஊரு நமக்கு"ன்னு ஆரம்பிச்சு காபி வரைக்கும் வந்துடுச்சு. தேன் கலர்ல ஒரு கல்ல எடுத்து கண்ணாடித் துண்டுல ஒரு இழு இழுத்தார், கோடு விழுந்துச்சு, "டூப்ளிகேட்டா இருந்தா இப்படி கீறுமாக்கா"ன்னார். நானும் தலைய ஆட்டினேன். கல்லு எவ்ளோ கடினம்னு சொல்ற மோஸ் அளவுல கண்ணாடி அஞ்சரை, சிட்ரின் எந்த வகையோ அந்த குவார்ட்ஸ் 7, கனக புஷ்பராகம்ங்கற மஞ்சள் சஃபயர் 9, அதனால ரெண்டு கல்லுமே கண்ணாடியக் கீறத்தான் செய்யும், அது கண்ணாடி இல்லங்கறதத் தவிர அந்த டெஸ்ட்ல ஒண்ணும் தெரியாது. இதெல்லாம் இப்ப தெரியுது!

5 கேரட்டுக்கு கல்லு நல்லா பெருசா இருந்துச்சு, வீடியோ கால்ல காட்டினப்ப அம்மாக்கு அவ்ளோ சந்தோஷம். அங்கயே எனக்கு சந்தேகம் வந்திருக்கணும். குவார்ட்ஸோட அடர்த்தி 2.65, சஃபயரோடது 4, அதாவது அதே எடைக்கு குவார்ட்ஸ் கன அளவுல ஒன்றரை மடங்கு பெருசா இருக்கும். பெருசா இருக்குன்னு நாங்க சந்தோஷப்பட்டதே அது வேற கல்லுங்கறதாலதான்.

பில்லுல 'கோல்டன் டோபாஸ்'னு போட்டிருந்தத நான் கேட்கத்தான் செஞ்சேன். "புஷ்பராகத்துக்கு இங்கிலீஷ்ல டோபாஸ்தானே அக்கா"ன்னார். டிக்‌ஷனரிலயும் அப்படித்தான் இருக்கும், அதனால நானும் விட்டுட்டேன். ஆனா ஜோசியர்ங்க கனக புஷ்பராகம்னு சொல்றது மஞ்சள் சஃபயர, டோபாஸ் தனி கல்லு, 'கோல்டன் டோபாஸ்', 'சுனேலா'ன்னு கடைல காட்டறது பெரும்பாலும் சிட்ரின், அது குவார்ட்ஸ். ஒரே பேர வச்சு மூணு கல்ல ஓட்டறாங்க. கூட லேமினேட் பண்ண ஒரு கார்டு, அதுல பெருசா 'நேச்சுரல்'னு இருந்தத மட்டும் பாத்துட்டு பர்ஸ்ல வச்சுட்டேன், பக்கத்துல பொடி எழுத்துல சிட்ரின்னு இருக்கு. பொய்யே இல்ல பாருங்க, சிட்ரினும் நேச்சுரல்தானே! மோதிரத்துல ஹால்மார்க் வேற இருந்துச்சா, எல்லாம் சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். ஹால்மார்க் தங்கத்தோட தரத்துக்கு மட்டும்தான், கல்லுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

மாட்டினது எப்படின்னா, தம்பி வேலை பாக்கறது பீன்யால ஒரு மெஷின் ஷாப்ல, கிரைண்டிங் பக்கம். நாலு மாசத்துல கல்லு மேல மங்கிப்போய் பட்டை ஓரமெல்லாம் மழுங்கிடுச்சு. அவன்தான் சொன்னான், "அக்கா, எங்க வீல்ல இருக்கறது அலுமினியம் ஆக்சைடு, சஃபயரும் அலுமினியம் ஆக்சைடுதான்னு நெட்ல போட்டிருக்கு, இவ்ளோ சீக்கிரமா இப்படித் தேயுமா?" அல்சூர்ல எங்களுக்குப் பழக்கமான பத்தர்கிட்ட காட்டினா, லென்ஸ் கூட வைக்கல, கைல வாங்கிப் பாத்துட்டு "என்னம்மா, சைஸுக்கு வெயிட்டே இல்லயே"ன்னார். கேரட்டுக்கு முந்நூறு நானூறு போகும்னு வேற சொன்னார், வயிறு எரிஞ்சுது.

அப்புறம் லேப்ல குடுத்தோம், 800 ரூபா ஆச்சு. ஒளிவிலகல் எண் 1.54 - 1.55, குவார்ட்ஸ்னு எழுதிக் குடுத்துட்டாங்க, சஃபயரா இருந்தா 1.76க்கு மேல வந்திருக்கணுமாம். அங்க இருந்தவர் இன்னொண்ணும் சொன்னார், மார்க்கெட்ல வர்ற சிட்ரின்ல முக்காவாசி செவ்வந்திக்கல்லா இருந்தது, அமெதிஸ்ட்னு சொல்லுவாங்களே அந்த ஊதாக் கல்லு, அத 450, 500 டிகிரில சுட்டா மஞ்சளாயிடுமாம். எனக்கு சிட்ரின் மேல கோவம் இல்ல, அழகான கல்லுதான், சிட்ரின்னு சொல்லி சிட்ரின் விலைக்கு வித்திருந்தா கம்மலுக்கே நான் வாங்கியிருப்பேன்.

திரும்பக் கடைக்குப் போனா தமிழெல்லாம் மறந்துபோச்சு அவருக்கு, முழுக்க கன்னடம். நாங்க சஃபயர்னு எங்க சொன்னோம், பில்ல பாருங்க, கார்ட பாருங்கன்னு. சரி, பாத்துடலாம்னு ரெண்டையும் டேபிள்ல பக்கத்துல பக்கத்துல வச்சேன். பில்லுல டோபாஸ், கார்டுல சிட்ரின், ஒரே மோதிரத்துல ரெண்டு கல்லா? அதுக்கு பதில் வரல. 12,000 தரேன், மிச்சத்துக்கு வேற நகை எடுத்துக்கோங்கன்னார். அதே ஷோகேஸ்ல சாயம் ஏத்தின பச்ச ஓனிக்ஸ் 'மரகதம்'னு அட்டை போட்டு உக்காந்திருக்கு, அங்க நான் என்னத்த எடுக்க.

மோதிரம், பில்லு, கார்டு, லேப் ரிப்போர்ட் எல்லாத்தையும் ஃபோட்டோ எடுத்து, நல்லவேளை ஜிபேல பணம் குடுத்ததால அந்த ஸ்க்ரீன்ஷாட்டும் சேத்து, நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு ஃபோன் பண்ணி கம்ப்ளைண்ட் போட்டாச்சு. நேத்து சாயங்காலம் கடைல இருந்து ஃபோன், மறுபடியும் தமிழ்ல "அக்கா, 25,000 வச்சுக்கோங்க, முடிச்சுக்கலாம்"னு. முழுப் பணமும் வேணும்னு சொல்லிட்டு வச்சுட்டேன்.