நேர்காணலுக்குப் பின்: மின்னஞ்சலா, தொலைபேசியா?

"தகவல் சொல்கிறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்து என்ன செய்வது?

பெரிய மென்பொருள் நிறுவனம் என்றால் என் ஓட்டு மின்னஞ்சலுக்கே. அங்கே முடிவு ஒருவர் கையில் இல்லை. தேர்வாளரின் மதிப்பீடு, சம்பள ஒப்புதல் என்று பல மேசைகளைக் கடக்க வேண்டும். உங்கள் மின்னஞ்சலை மனிதவள அலுவலர் அப்படியே மேலே அனுப்பலாம். தொலைபேசியில் பேசியது அவர் காதோடு நின்றுவிடும். அன்றோ மறுநாளோ எழுதுங்கள். பதவியின் பெயர், நேர்காணல் தேதி, பேச்சில் வந்த ஒரு விஷயம், நன்றி என ஐந்தாறு வரி போதும். இப்போதைய வேலையிலிருந்து விடுபட 30 நாள் ஆகுமா, 90 நாள் ஆகுமா என்பதையும் மறக்காமல் சேருங்கள். பல இடங்களில் தேர்வையே அது தீர்மானிக்கிறது.

கோயம்புத்தூரின் சிறிய பம்ப் தொழிற்கூடம் என்றால் அழைப்பதே மேல். முடிவெடுப்பவர் முதலாளிதான்; மின்னஞ்சல் பார்க்க அவருக்கு நேரமிருக்காது. காலைப் பரபரப்பு அடங்கியதும், "சார், இப்போது பேசலாமா?" என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வாட்ஸ்அப், அவர்களே அதில் பேசியிருந்தால் மட்டும். எந்த வழியானாலும் அவர்கள் சொன்ன கெடு முடியும்வரை முடிவைக் கேட்டு நச்சரிக்காதீர்கள். காத்திருப்பது வேதனைதான், ஆனால் அவசரம் உங்கள் மதிப்பைக் குறைத்துவிடும்.