காலை 6.1, ஏ1சி 8.2: பினாங்கு வீட்டில் குளுக்கோமீட்டரின் நெடுநாள் புழக்கம்

குளுக்கோமீட்டர் வாங்கிய புதிதில் எல்லா வீட்டிலும் ஒரே பழக்கம்தான். காலையில் பசியாறுவதற்கு முன் விரலைக் குத்தி, எண்ணைக் காலண்டரில் குறித்து வைப்பார்கள். 5.9, 6.1, 6.0. இனிப்பு நீர் (நீரிழிவு) அடங்கிவிட்டது என்ற நிம்மதியில் கிளினிக்கில் ரத்தம் கொடுத்தால், கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி (சுருக்கமாக ஏ1சி) 8.2 சதவீதம் என்று வரும். உடனே லேப் மேல் சந்தேகம். பெரும்பாலும் இரண்டு எண்ணுமே சரிதான், அவை பார்க்கும் நேரம்தான் வேறு.

ஏ1சியை 1.59ஆல் பெருக்கி 2.59ஐக் கழித்தால் ரத்தச் சீனியின் சராசரி, நம் மீட்டர் காட்டும் அதே மில்லிமோல் அலகில் வரும். 8.2க்கு அது 10.4. காலையில் 6.1 இருப்பவருக்குச் சராசரி இவ்வளவு ஏறுகிறது என்றால், சாப்பிட்ட பிறகு வரும் மணி நேரங்கள்தான் காரணம். அந்த நேரத்தில் யாரும் குத்திப் பார்ப்பதில்லை. மீட்டரே போட்டுக் காட்டும் 90 நாள் சராசரியும் காலை எண்களின் சராசரிதான், அதை ஏ1சி என்று எண்ணி ஏமாற வேண்டாம். (இந்தியாவிலிருந்து உறவினர் போன் போட்டு 180 என்றால் பதற வேண்டாம். அங்கே மில்லிகிராம் கணக்கு. 18ஆல் வகுத்தால் நம் 10.)

சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அதன் ஹீமோகுளோபினில் படிந்த சீனி அதுவரை அங்கேயேதான். ஏ1சியில் ஏறத்தாழ பாதி, கடைசி ஒரு மாதத்தின் பங்கு. அப்பாயின்ட்மென்டுக்கு முந்தைய வாரம் மட்டும் சோற்றைக் குறைத்தால் காலை எண் இறங்கும், ஏ1சி அசைந்து கொடுக்காது.

அதனால் ஸ்ட்ரிப்பை (ரத்தத் துளி வைத்து மீட்டரில் பார்க்கும் பட்டை) ஜோடியாகச் செலவழிப்பதுதான் லாபம். மீட்டர் மலிவு, காசு போவது ஸ்ட்ரிப்பில். சாப்பிடுமுன் ஒன்று, முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக 2 மணி நேரத்தில் இன்னொன்று. சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து எண்ணுவது பலர் செய்யும் தவறு. வாரத்தில் மூன்று நாள் போதும்: ஒரு நாள் பசியாறல், ஒரு நாள் மதியம், ஒரு நாள் இரவு. 50 ஸ்ட்ரிப் எட்டு வாரத்துக்கு வரும். ‘பஞ்சிர்’ கேட்டுக் குழம்பு ஊற்றிய நாசி கண்டாரை ஒரு முறை இப்படிப் பாருங்கள், அடுத்த முறை சோற்றைப் பாதியாக்கிப் பாருங்கள். ‘குராங் மானிஸ்’ (இனிப்புக் குறைவாக) சொல்லிக் குடிக்கும் தே தாரிக்கையும் விடாதீர்கள். அதில் ஊற்றும் கெட்டிப்பாலே இனிப்புதான். இனிப்பில்லாப் பால் ஊற்றி, சீனி போடாத தே சி கோசோங் அதற்கு எவ்வளவோ மேல். சீனியை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடிய இன்சுலினோ கிளிக்லசைடு மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இந்த மூன்று நாள் கணக்கு போதாது. சீனி 4க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சீனியைக் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

இதெல்லாம் இருதயத்துக்காகத்தான். ஆண்டுக்கணக்கில் ஏறி நிற்கும் சீனி ரத்தக்குழாயின் உள்சுவரைக் கெடுக்கிறது, கெட்ட கொழுப்பு அங்கே படிய வழிவிடுகிறது. பிரிட்டனின் யூகேபிடிஎஸ் என்ற இனிப்பு நீர் ஆய்வின் தரவை 2000ல் அலசியபோது, ஏ1சி 1 சதவீதம் குறைவாக இருந்தவர்களிடம் மாரடைப்பு 14 சதவீதம் குறைவாக இருந்தது. 2008ல் வந்த தொடர் ஆய்வு இன்னும் முக்கியமானது: நோய் தெரிந்த புதிதிலேயே சீனியை இறக்கியவர்களுக்குப் பத்தாண்டு கழித்தும் மாரடைப்பு குறைந்தே இருந்தது. ஆனால் எவ்வளவு இறக்கினாலும் நல்லது என்று ஓடவும் கூடாது. அக்கோர்ட் என்ற இன்னொரு இனிப்பு நீர் ஆய்வில் ஏ1சியை 6க்குக் கீழே இறக்கப் பார்த்த பிரிவில் சாவு கூடியதால் 2008ல் அந்தச் சிகிச்சையை நிறுத்தினார்கள். வயதானவருக்கும் ஏற்கெனவே இருதய நோய் உள்ளவருக்கும் இலக்கு தளர்வாக இருப்பது இதனால்தான். ரத்த அழுத்தமும் கொழுப்பும் ஏறியே இருக்க ஏ1சியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இருதயத்துக்குப் பாதிக் காவல்கூடக் கிடைக்காது.

இனி நம் ஊர்ப் புழுக்கம். ஸ்ட்ரிப் கெடுவதற்கு முதல் காரணம் அதுதான். டப்பாவுக்குள்ளேயே ஈரம் உறிஞ்சும் மருந்து இருக்கிறது. ஒரு ஸ்ட்ரிப் எடுத்ததும் ‘டக்’கென்று சத்தம் வரும்வரை மூட வேண்டும். ஐஸ்பெட்டியில் வைத்தால் வெளியே எடுக்கும்போது வியர்த்து நனையும். மோட்டார் சீட்டுக்கு அடியிலோ வெயிலில் நிற்கும் காரிலோ வைத்தால் எண் தாறுமாறாக வரும். திறந்த தேதியை மூடிமேல் எழுதுங்கள், டப்பாவில் போட்டிருக்கும் கெடு அன்றிலிருந்துதான். பேட்டரி மாற்றினால் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள்.

குத்துவதிலும் பிழை வரும். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் 6 இருப்பது 12 என்றுகூடக் காட்டும். சவுக்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். சானிடைசர் காயாமல் குத்தினால் துளி நீர்த்துப்போகும். ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிசைந்தாலும் எண் நம்பும்படி இருக்காது, கையைத் தொங்கவிட்டு உதறினாலே வந்துவிடும்.

ஏ1சியும் பொய் சொல்லும் இடங்கள் உண்டு. இரும்புச்சத்துக் குறைந்த பெண்களுக்கு உள்ளதைவிடக் கூடுதலாக வரலாம். அண்மையில் ரத்தம் ஏற்றியவருக்கும், சிறுநீரக நோய்க்கு எரித்ரோபொய்ட்டின் (சிவப்பணு ஊற வைக்கும் மருந்து) ஊசி போடுபவருக்கும் குறைவாக வரலாம். மலேசியாவில் தலசீமியாவும் ஹீமோகுளோபின் ஈயும் சாதாரணம். பரம்பரையாக வரும் இந்த ரத்தக் குறைகளும் ஏ1சியைக் குழப்பும். ஜோடி எண்களும் ஏ1சியும் ஒட்டவே இல்லையென்றால் ‘தலசீமியா இருக்குமா, பிரக்டோசமின் பார்க்கலாமா’ என்று டாக்டரிடம் கேளுங்கள் (பிரக்டோசமின், ஹீமோகுளோபினை நம்பாமல் சீனியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை). இங்கே ஏ1சி 6.3 தொட்டாலே இனிப்பு நீர் என்று கணக்கு. அந்த எல்லையில் நிற்பவருக்கு இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம்.

மீட்டரைச் சோதிக்க ஒரு சுலப வழி இருக்கிறது. வெறும் வயிற்றில் லேப்புக்கு ரத்தம் கொடுக்கும் அதே நிமிடத்தில் விரலையும் குத்தி எழுதிக்கொள்ளுங்கள். 15 சதவீத வித்தியாசம் இருக்கலாம். லேப் 8.0 என்றால் மீட்டர் 6.8க்கும் 9.2க்கும் நடுவில் நிற்க வேண்டும். தாண்டினால் மீட்டரைத் தூக்கிப் போடுமுன் புது டப்பா ஸ்ட்ரிப்பில் ஒரு முறை பாருங்கள்.