கேஸா, இண்டக்‌ஷனா? பாயா, மெத்தையா? 30,000 ரூபாயில் முதல் வீடு

சித்தி மகனுக்கு சோழிங்கநல்லூரில் வேலை. மேடவாக்கத்தில் இரண்டாவது மாடியில் ஒரு சின்ன ஃப்ளாட் பிடித்துவிட்டான். அட்வான்ஸ் கொடுத்தது போக கையில் 30,000 ரூபாய் மிச்சம். "அக்கா, முதல்ல எதை வாங்கணும்?" என்று போன் செய்தான். "உனக்குத் தனி ஈபி கார்டா, இல்ல வீட்டுக்காரர் இணைப்புலயே சப்-மீட்டரா?" என்று கேட்டேன். அடுப்பு வாங்கக் கூப்பிட்டால் இவள் மீட்டரை விசாரிக்கிறாளே என்று குழம்பிப்போனான்.

அடுப்பே அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஃபேன், ஒரு சின்ன ஃபிரிட்ஜ், லைட் எல்லாம் சேர்த்து ஒற்றை ஆள் 80, 90 யூனிட்டில் நின்றுவிடலாம். இண்டக்‌ஷன் வைத்து தினமும் ஒரு மணி நேரம் சமைத்தால், சராசரியாக 1,200 வாட் என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட் கூடுகிறது. தனி மீட்டராக இருந்தால் இலவசம் தாண்டிய மிச்சத்துக்கு 300 ரூபாய்கூட வராது. சப்-மீட்டர் வைத்து வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 8 ரூபாய் வசூலித்தால் இலவசமும் கிடையாது, மானியமும் கிடையாது. அதே 72 யூனிட்டுக்கு 576 ரூபாய். கேஸ் சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான் தனியாக இருந்தபோது 14.2 கிலோ சிலிண்டர் மூன்று மாதம் வந்தது. இரண்டு மாதக் கணக்குக்கு 600. ஆக, தனி மீட்டர் என்றால் இண்டக்‌ஷன் சுலபமாக ஜெயிக்கிறது. சப்-மீட்டர் என்றால் இரண்டும் சமம்.

சமம் என்று வந்துவிட்டால் நான் தோசையைக் கேட்பேன். இண்டக்‌ஷனில் உள்ளே கம்பிச்சுருள் இருக்கிற வட்டம் மட்டும்தான் சூடாகும். கல்லின் நடுவில் தோசை கருகும், ஓரத்தில் மாவு வெள்ளையாக ஈரத்தோடு உட்கார்ந்திருக்கும். அப்பளம் சுட முடியாது. குழிந்த வாணலி நிற்காது, அம்மா கொடுத்தனுப்பும் அலுமினியப் பாத்திரம் எதையும் அது ஏறெடுத்தும் பார்க்காது. புதுப் பாத்திரம் வாங்கும் செலவை யாரும் இண்டக்‌ஷன் விலையோடு கூட்டிப் பார்ப்பதில்லை. கரன்ட் போனால் காபியும் போச்சு. தம்பி வீட்டில் சப்-மீட்டர், அவனுக்கு மூன்று வேளையும் தோசை கொடுத்தாலும் சாப்பிடுவான். அதனால் கேஸ்.

கேஸிலும் இரண்டு வழி. 5 கிலோ சிலிண்டர் என்றால் அடையாள அட்டை மட்டும் போதும், முகவரிச் சான்று வேண்டாம். சில பெட்ரோல் பங்குகளிலேயே கிடைக்கும். ஒரு கையில் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறிவிடலாம். ஆனால் கிலோ கணக்குப் பார்த்தால் விலை கூடுதல். வாடகை ஒப்பந்தம் கையில் இருந்தால் முழு இணைப்பே லாபம்; ஊர் மாறினாலும் மாற்றிக்கொள்ளலாம். மாதத்தில் பத்து நாள் வெளியூர் போகிறவர்களுக்கு 5 கிலோ சரி.

ஃபேனுக்கும் அதே மீட்டர்தான் பதில் சொல்லும். சாதாரண ஃபேன் 75 வாட், கரன்ட் குறைவாக இழுக்கிற பிஎல்டிசி வகை 30 வாட். தினம் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 27 யூனிட் வித்தியாசம். இலவச 100-க்குள் இருக்கிறவருக்கு இந்த மிச்சத்தால் ஒரு பைசா லாபமில்லை. சப்-மீட்டர்காரருக்கு 216 ரூபாய். பிஎல்டிசிக்கு 1,500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் அது திரும்பி வர 14 மாதம் ஆகும். வாடகை ஒப்பந்தமோ 11 மாதம். காலி பண்ணும்போது கழற்றி எடுத்துப் போவேன் என்கிற பிடிவாதம் இருந்தால் வாங்கலாம். முதலில் வீட்டுக்காரர் ஏற்கெனவே ஃபேன் மாட்டியிருக்கிறாரா என்று மேலே நிமிர்ந்து பாருங்கள். தம்பி பார்க்கவே இல்லை. இரண்டு மாட்டியிருந்தது.

ஃபிரிட்ஜில்தான் நான் சூடு பட்டவள். புதுசு, சின்ன ஒற்றைக் கதவு, 14,000 அளவில் ஆரம்பிக்கும். பட்ஜெட்டில் பாதி. பழையது 5,000, 6,000-க்குக் கிடைக்கும். வேளச்சேரியில் இருந்தபோது ஒரு பழைய சாமான் கடையில் 5,500 கொடுத்து எடுத்தேன். ஒரு மாதம் கியாரண்டி என்றார்கள். ஒரு மாதம் சரியாக ஓடியது. மூன்றாவது மாதம் கேஸ் நிரப்ப 2,500. அடுத்த கோடையில் கம்ப்ரசர் போய், காயிலான் கடைக்காரர் 800 ரூபாய்க்கு எடுத்துப் போனார். குட்டி யானை லோடு வண்டி வாடகையையும் கூட்டினால், புதுசுக்கு அந்தப் பணத்தை முன்பணமாகக் கட்டியிருக்கலாம்.

அதற்காகப் பழையதே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கடையில் நிற்கிற பழையதும், காலி பண்ணிப் போகிற குடும்பத்தின் சமையலறையில் ஓடிக்கொண்டிருக்கிற பழையதும் வேறு வேறு. கடையில் பெயின்ட் அடித்துத் துடைத்து வைத்திருப்பார்கள், பிளக்கில் இருக்காது. வீட்டில் என்றால் ஃபிரீசரைத் திறந்து ஐஸ் உறைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கலாம். கதவில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது. ஒரே அபார்ட்மென்ட் என்றால் வண்டி வாடகையும் மிச்சம். தம்பிக்குக் கீழ்வீட்டிலேயே ஒன்று அமைந்தது, 6,000. படியில் சாய்த்துத் தூக்கினோம். சில மணி நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டு அப்புறம் பிளக் போடு என்று சொல்லி வைத்தேன்.

வாஷிங் மெஷினுக்கு இந்தப் பட்ஜெட்டில் இடமில்லை. ஒற்றை ஆள் துணிக்கு பக்கெட் போதும்.

படுக்கையில் எங்கள் இருவருக்கும் சண்டை. அவனுக்கு ஆன்லைனில் பெட்டியில் சுருட்டி வருகிற ஃபோம் மெத்தை வேண்டும், 7,000 ரூபாய். பிரித்ததும் பொம்மென்று எழும்புகிறதைப் பார்க்க அழகுதான். ஆனால் மே மாதச் சென்னையில் மலிவான ஃபோம் உடம்புச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், முதுகு நனைந்துவிடும். பிரித்ததைத் திரும்ப அந்தப் பெட்டிக்குள் அடைக்கவும் முடியாது. 11 மாதம் கழித்து அதை இரண்டு மாடி இறக்கப் போவது யார்?

இலவம்பஞ்சு மெத்தை பஞ்சின் எடைக்கு விலை. சூடு தெரியாது, சுருட்டி ஆட்டோவில் போட்டுக்கொள்ளலாம். கட்டி தட்டினால் பிரித்து, பஞ்சை உதிர்த்துத் திரும்பத் தைத்துக்கொள்ளலாம். குறை, அதற்கு வெயில் வேண்டும். மொட்டைமாடியைப் பூட்டிச் சாவியை வீட்டுக்காரரே வைத்திருக்கிற வீட்டில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அது ஈர வாடை அடிக்க ஆரம்பிக்கும். கோரைப்பாயும் ஜமுக்காளமும் எல்லாவற்றையும்விட மலிவு. இரண்டாவது மாடியில் தரை ஓதம் இருக்காது, இளம் முதுகு தாங்கும். தரைத்தளத்தில் குடியிருந்தால் பாய் வேண்டாம் என்பேன். மாடிச் சாவி இவன் கையிலேயே இருந்ததால் இலவம்பஞ்சுக்கு ஒத்துக்கொண்டான். கட்டில் பிறகு பார்க்கலாம்.

குக்கரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஐ.எஸ்.ஐ முத்திரை இல்லாததைத் தொடவே தொடாதீர்கள். உள்மூடி, வெளிமூடி என்று இரண்டு வகை. உள்மூடி கச்சிதம், ஆனால் வாய் குறுகல். சின்ன அளவில் உள்ளே தட்டு அடுக்குவது கஷ்டம். வெளிமூடியில் கீழே பருப்பு, மேலே சாதம் என்று ஒரே தடவையில் சமையல் முடியும். ஆபீஸ் போகிறவனுக்கு வெளிமூடி, 3 லிட்டர். அலுமினியம் லேசு, விலை குறைவு, பருப்பு சாதத்துக்குப் போதும். புளி ஊற்றுகிற குழம்புக்கு எவர்சில்வர் நல்லது, ஆனால் அடி தடிமனாகப் பார்த்து எடுக்காவிட்டால் அடிபிடிக்கும். மற்ற எவர்சில்வர் பாத்திரங்களைப் பாத்திரக்கடையில் எடை போட்டு வாங்குங்கள். வீட்டில் பழையது கிடந்தால் கொண்டுபோனால் அதையும் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். சித்தி பரணிலிருந்து இறக்கிக் கொடுத்த ஒரு மூட்டையிலேயே இவனுக்குப் பாதி பாத்திரம் தேறிவிட்டது.

எல்லாம் வாங்கி, பால் காய்ச்சி, 4,000 ரூபாய் மிச்சம் என்று பெருமையாகக் கணக்கும் அனுப்பினான். மறுநாள் காலை ஆறரைக்கு போன். "அக்கா, பக்கெட்டும் மக்கும் வாங்க மறந்துட்டோம்." குக்கரில் தண்ணீர் பிடித்துப் பிடித்து ஊற்றிக்கொண்டு குளித்தானாம். தட்டையும் வெயிட்டையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் குளித்ததாகச் சொன்னான்.