மியூனிக்கில் தங்க இடம்: வோன்ஹைமா, வேகேயா, நம்ம பசங்க வீடா?

ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் விசாவுக்காக முடக்கி வைக்கும் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோ கைக்கு வரும். அதில் மருத்துவக் காப்பீட்டுக்கே 140 யூரோவுக்கு மேல் போய்விடும். மியூனிக்கில் பகிர்வு வீட்டில், அதாவது வேகேயில், ஓர் அறைக்கு 700, 800 யூரோ கேட்கிறார்கள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த யாரும் வாடகை குறைவான இடத்தைத்தான் முதலில் தேடுவார்கள். தேடட்டும். ஆனால் அந்த ஊரின் அன்றாடத்தை எங்கே, யாரிடமிருந்து கற்கப்போகிறோம் என்பதும் இந்த முடிவிலேயே அடங்கியிருக்கிறது. குறைந்த வாடகைக்காகப் போன இடத்தில் இரண்டு வருஷம் இருந்தும் பேக்கரியில் ஜெர்மன் பேசத் தயங்குகிறவர்களைப் பார்க்கிறோமே.

தனி அப்பார்ட்மென்ட்டுக்கு இரண்டு வரி போதும். வாடகை சாதாரணமாக ஆயிரம் யூரோவைத் தாண்டும். பல வீடுகளில் அடுப்பும் சமையல் மேடையும்கூட இருக்காது, குடிவருபவரே வாங்கிப் பொருத்த வேண்டும். வேலை கிடைத்த பிறகு யோசிக்கலாம்.

வோன்ஹைம் என்பது ஸ்டுடியரெண்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பு நடத்தும் விடுதி. அறையைப் பொறுத்து 300 முதல் 450 யூரோ வரை ஆகும். கட்டில், மேசை, இணையம் எல்லாம் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். 1972 ஒலிம்பிக்கில் வீராங்கனைகள் தங்கிய கிராமம் இன்று மாணவர்களின் குட்டி பங்களா வரிசை. வாசல் சுவரில் குடியிருப்பவரே இஷ்டப்படி ஓவியம் தீட்டலாம் என்பதால், தெருவில் நடந்தாலே பொழுது போகும். சிக்கல் காத்திருப்புதான். பல விடுதிகளுக்கு ஒன்றிரண்டு செமஸ்டராவது ஆகும். அட்மிஷன் கடிதம் வந்த அன்றே விண்ணப்பம் போட்டுவிட வேண்டும்.

வோன்ஹைமின் பெரிய பலம் காகித வேலை. குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், இதுதான் ஆன்மெல்டுங். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று தேவை. விடுதியில் அது தானாகக் கிடைத்துவிடும். ஆன்மெல்டுங் முடியாமல் வரி எண் வராது, வதிவிட அனுமதியும் இழுத்தடிக்கும்.

ஆனால் வோன்ஹைமிலும் இரண்டு வகை உண்டு. மாடிக்கு ஒரு பொதுச் சமையலறை இருப்பது ஒன்று, அறைக்குள்ளேயே குட்டி அடுப்போடு தனித்தனியாக இருப்பது இன்னொன்று. இரண்டாவது வசதிதான். ஆனால் கதவைச் சாத்தினால் வாரக்கணக்கில் யாரிடமும் பேசாமல் இருந்துவிடலாம், நவம்பரில் மாலை ஐந்துக்கு முன்பே இருட்டும் ஊரில் அது நல்லதில்லை. போதாததற்கு, பொது நடைபாதையிலிருந்து நேராகத் திறக்கும் தனி அறை தனி வீடாகவே கருதப்படுவதால், மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் முழுதாக உங்கள் தலையில் விழும். வேகேயில் வீட்டுக்கு ஒன்றுதான், மூன்று நான்கு பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம். தொலைக்காட்சியே இல்லை என்றாலும் கட்டணம் உண்டு. அந்தக் கடிதத்தைக் குப்பையில் போடும் வீரம் வேண்டாம், துரத்தி வருவார்கள்.

வேகேக்குள் நுழைவது ஏறக்குறைய பெண் பார்க்கும் படலம். ஏற்கெனவே குடியிருப்பவர்கள் நேரிலோ வீடியோவிலோ பேசி, உங்களைப் பிடித்தால்தான் அறை. இருபது விளம்பரங்களுக்கு ஒரே கடிதத்தை நகலெடுத்து அனுப்புவதைவிட, விளம்பரத்தை முழுக்கப் படித்து, நீங்கள் யார், என்ன சமைப்பீர்கள், வீட்டில் எப்படி இருப்பீர்கள் என்று நாலு வரி உடைந்த ஜெர்மனில் எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம். “வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்” என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள், அது மோசடி.

உள்ளே போய்விட்டால் பாடம் தானாக நடக்கும். சுவரில் தொங்கும் துப்புரவு அட்டவணையில் இந்த வாரக் குளியலறை உங்கள் பெயரில் இருக்கும். காகிதம், சமையல் கழிவு, மற்றவை என்று தனித்தனித் தொட்டிகள். பிளாஸ்டிக்கையும் கண்ணாடியையும் மியூனிக்கின் பெரும்பகுதியில் தெருமுனைக் கலன்களுக்கு நாமே கொண்டுபோக வேண்டும், அதுவும் ஞாயிறன்று பாட்டில் போடக் கூடாது. இரவு பத்துக்கு மேல் சத்தம் கூடாது. பவேரியாவில் கடைகள் எட்டு மணிக்கு மூடும், ஞாயிறு பெரும்பாலும் திறக்காது. இதையெல்லாம் யூடியூபிலும் பார்க்கலாம். ஆனால் குளிர்காலத்தில் சாதம் வடித்த ஆவியோடு ஜன்னலைச் சாத்தி வைத்தால் சுவரில் பூஞ்சை ஏறும், காலி செய்யும்போது முன்பணத்தில் பிடிப்பார்கள் என்பதை, தினமும் ஜன்னலை அகலத் திறந்து ஐந்து நிமிஷம் காற்று விடும் ஒருவரோடு வாழ்ந்தால்தான் உடம்பு பழகும். தாளிக்கும் வாசனைக்கு ஒருநாள் பேச்சு வரும். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத் தாளியுங்கள், அவர்களுக்கும் ஒரு தட்டு வையுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

வேகேயில் பார்க்க வேண்டிய கண்ணி இடைக்கால வாடகை. ஒருவர் ஆறு மாதம் வெளியூர் போகும்போது தன் அறையைக் கொடுப்பார். அதில் சிலர் ஆன்மெல்டுங்குக்குச் சான்று தர மாட்டார்கள். புதிதாக வருபவருக்கு அந்த அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

நம்ம பசங்க வீட்டைக் குறை சொல்ல மனசு வராது. விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப்போவார்கள், முதல் இரவே ரசம் சாதம். “அண்ணா, ரெண்டு மாசம் மட்டும் தங்கிக்கிறேன்” என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் தங்கினால் பதிவுச் சான்று கிடைக்காது, முதல் தொல்லை அது. அடுத்தது மொழி. வகுப்பு ஆங்கிலத்தில், வீடு தமிழில் என்றால் ஜெர்மனுக்கு இடமே இல்லை. படிக்கும்போதே வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. பல்கலைக்கழகத்தில் ஹிவி, அதாவது மாணவர் உதவியாளர், வேலை ஆங்கிலத்தில் ஓடிவிடும். கல்லாவில் நிற்கும் வேலைக்கு ஜெர்மன் வேண்டும்.

என் வரிசை இதுதான்: பொதுச் சமையலறை உள்ள வோன்ஹைம் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். கிடைக்காவிட்டால், 100 யூரோ கூடினாலும் பதிவுச் சான்றோடு வரும் வேகே. நம்ம பசங்க வீட்டை இறங்கும் இடமாக வைத்துக்கொண்டு, வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, சில வாரங்களில் நகர்ந்துவிடலாம். புறநகரான கார்ஹிங்கில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் வகுப்பு இருப்பவர்கள் யு6 ரயில் பாதையை ஒட்டித் தேடினால் தினமும் நேரம் மிச்சமாகும்.

நான்கு நண்பர்கள் சேர்ந்தே வீடு எடுப்பதாக இருந்தால் ஒப்பந்தத்தில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நால்வர் பெயரும் இருந்தால், ஒருவர் படிப்பை முடித்து வேறு ஊர் போனாலும் முழு வாடகைக்கு நால்வருமே பொறுப்பு, ஒருவர் மட்டும் தனியாக விலகவும் முடியாது. காலி செய்ய வழக்கமாக மூன்று மாத முன்னறிவிப்பு, அதுவும் காகிதத்தில் கையெழுத்திட்ட கடிதமாக. மின்னஞ்சல் செல்லாது.