வலைப்பந்தா, ஹேண்ட்போலா: தொழிலாக ஆட விரும்பும் பிள்ளைக்கு எது?

வலைப்பந்தாட்டத்தில் திறமை காட்டும் மகளை, பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஹேண்ட்போலுக்கு மாற்றலாமா என்று தயங்கும் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

வாய்ப்பு: வலைப்பந்துக்குப் பாடசாலை மைதானமே வாசல், இம்மண்ணின் தர்ஜினி சிவலிங்கம் தேசிய அணியில் ஆடி, அவுஸ்திரேலியக் கழகம் வரை சென்றார். ஹேண்ட்போல் 1976 முதல் பெண்களுக்கான ஒலிம்பிக் போட்டியாக இருந்தாலும், சம்பளம் தரும் கழகங்கள் டென்மார்க், நோர்வே, பிரான்ஸ், ஹங்கேரி போன்ற ஐரோப்பிய நாடுகளிலேயே மிகுதி.

உடல்: வலைப்பந்தின் வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருப்பதால் உயரமே பெரும் பலம். ஹேண்ட்போலில் எதிரணியினரோடு மோதியபடி, கோலுக்கு முன்னுள்ள 6 மீற்றர் கோட்டுக்கு மேலாகத் தாவி எறிந்து இறங்குவது ஓயாமல் நிகழ்வதால், முழங்கால் மூட்டு நார் கிழியும் அபாயம் உண்டு. இதை எந்தப் பெற்றோரும் இலேசாக எண்ணக்கூடாது.

செலவு: இரண்டுக்கும் நல்ல சப்பாத்தே முதற்செலவு.

உயரமும் குறிதவறாத கையும் உள்ளவளுக்கு வலைப்பந்தே பொருந்தும். வேகமும் துணிவும் கொண்டு, கடல் கடந்து வாழவும் ஆயத்தமானவள் ஹேண்ட்போலைத் தெரிவுசெய்யலாம்.